மருந்துக்கு முன் மாதிரி

காது ஒழுகுதல் நம் ஊர்களில் ஒரு நோயாகவே கருதப்படுவதில்லை. சேலம், நாமக்கல் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோர் பலர், "சளி புடிச்சா இவனுக்குக் காது ஒழுகுமுங்க, அப்புறம் அதுவா நின்னுக்கும்" என்று இயல்பாகச் சொல்கின்றனர். ஒழுகுவதும் நிற்பதும் மீண்டும் ஒழுகுவதுமாக அதற்குள் மூன்று நான்கு ஆண்டுகள் கடந்திருக்கும். அக்காலத்தில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்துகளும் மாத்திரைகளும் எத்தனை என்று அவர்களால் எண்ணிச் சொல்ல இயலுவதில்லை. அந்தச் சீழில் உள்ள கிருமி எதுவென ஒருமுறையேனும் சோதித்துப் பார்த்ததுண்டா என்று கேட்டால், பெரும்பாலோரின் விடை 'இல்லை' என்பதாகவே இருக்கிறது.

இக்கட்டுரையில் நாங்கள் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. மருந்துக்குக் கட்டுப்படாமல் ஒழுகும் காதுக்கும், ஐயத்துக்குரிய தொண்டைப் புண்ணுக்கும், அடுத்த மருந்தைத் தொடங்குமுன் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் சோதிக்கச் செய்யுங்கள். அதன் முடிவு வரும் இரண்டு மூன்று நாள்கள் பொறுத்திருங்கள். எல்லாக் காதுவலிக்கும் எல்லாத் தொண்டைக் கரகரப்புக்கும் இச்சோதனை தேவை என்று நாங்கள் சொல்லவில்லை. தேவையற்ற இடத்தில் எடுக்கும் மாதிரி, தேவையற்ற மருந்துக்கே வழி வகுக்கும். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம், ஏன் பொறுத்திருக்க வேண்டும் என்பனவற்றை நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்திருப்பது நன்று என்பதால் இதை எழுதுகிறோம்.

பண்ணையில் அறிந்த நியாயம்

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணையாளர்களுக்கு இந்த நியாயம் புதிதன்று. பண்ணையில் கோழிகள் அடுத்தடுத்து இறக்கத் தொடங்கினால், இறந்த கோழியை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று, உடற்கூறாய்வு செய்து, காரணம் இன்னதென்று தெரிந்துகொண்டு மருந்து கொடுப்பது இங்கே வழக்கம். அதற்காகவே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் பண்ணையாளர்கள் நாடுகின்றனர். தீவனத்தில் பூஞ்சை நச்சு உள்ளதா என்றுகூடச் சோதித்துப் பார்க்கின்றனர். காரணம் தெரியாமல் மருந்து கொடுத்தால் பணமும் போகும், கோழியும் போகும் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்துள்ளனர். அதே ஊரில், அதே வீட்டில், பிள்ளையின் காதில் சீழ் வடியும்போது மட்டும், பக்கத்து வீட்டார் சொன்ன சொட்டு மருந்து போதும் என்று எப்படித் தோன்றுகிறது? பிள்ளையின் மீது அக்கறை இல்லாமல் அன்று. காதுச் சீழையும் சோதித்துப் பார்க்க முடியும் என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லாமையே காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

மருந்தெதிர்ப்பு என்னும் சிக்கலையும் பண்ணைத் தொழில் நமக்கு நினைவூட்டுகிறது. மனிதருக்குப் பிற மருந்துகள் பலிக்காதபோது இறுதியாகப் பயன்படும் மருந்துகளுள் ஒன்று கோலிஸ்டின். கறிக்கும் முட்டைக்கும் பாலுக்கும் வளர்க்கப்படும் உயிர்களுக்கு அதனைக் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. மருந்தை அளவின்றிப் பயன்படுத்தினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்பதே அத்தடையின் அடிப்படை. கோழிக்குப் பொருந்தும் அக்கணக்கு நம் குழந்தைகளுக்கும் பொருந்தும். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இச்சிக்கலை எதிர்கொள்ள இந்திய மருத்துவச் சங்கங்கள் பல 2012-இல் சென்னையில் கூடி வெளியிட்ட அறிக்கை 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர் பெற்றது. அவ்வறிக்கை பிறந்த மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் கூடுதல் கடமை உண்டு.

குச்சியில் எடுப்பது என்ன?

கொரோனாக் காலத்துக்குப் பின் 'ஸ்வாப்' என்னும் சொல்லை அறியாதவர் இல்லை. ஆயினும் அன்று எடுத்த மாதிரிக்கும் நாங்கள் இங்கே குறிப்பிடும் மாதிரிக்கும் வேறுபாடு உண்டு. கொரோனாச் சோதனையில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடினார்கள். அதற்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. பாக்டீரியாச் சோதனையில் உயிருள்ள கிருமியை எடுத்து, அதற்கு உணவளித்து வளர்க்க வேண்டும். வளர்வதற்கு நேரம் ஆகும். முடிவு தாமதமாக வருவதற்கு ஆய்வகத்தாரின் மெத்தனம் காரணம் என்று சிலர் எண்ணுகின்றனர். கிருமி தன் இயல்பில் வளரும் வேகமே உண்மையான காரணம்.

மாதிரி ஆய்வகத்தை அடைந்ததும், அதில் ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் டென்மார்க் மருத்துவர் 1884-இல் வெளியிட்ட முறை அது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கிருமி எவ்வகையைச் சார்ந்தது என்னும் முதல் குறிப்பு அன்றைக்கே கிடைத்துவிடும். மற்றொரு பகுதியை, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் என்னும் பொருளால் உறையவைத்த உணவுத் தட்டில் தடவி, உடல்வெப்பத்தை ஒத்த சூட்டில் வைப்பார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசியிலிருந்தும் அகர் தயாரிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஒரு நாளில் கிருமிகள் புள்ளி புள்ளியாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும். அவற்றை எடுத்து வேறொரு தட்டில் பரப்பி, அதன்மேல் பல்வேறு மருந்துகள் தோய்ந்த சிறு வில்லைகளை வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக வெறுமை தெரிகிறதோ, அந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும். இதற்கு மற்றொரு நாள். ஆக, இரண்டு நாள்கள். சில வேளை மூன்று. பூஞ்சையாக இருந்தால் இன்னும் சில நாள்கள் ஆகலாம்.

மாதிரி எடுக்கும் முறை சரியாக இல்லையெனில் இவ்வளவு உழைப்பும் வீணாகும். காதில் எடுக்கும்போது, வெளியே வடிந்து காய்ந்த சீழை முதலில் துடைத்து நீக்கிவிட்டு, உள்ளிருந்து வரும் புதிய சீழை எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து பஞ்சில் ஒற்றிக் கொண்டு வரும் சீழ் பயன்படாது. தோலில் இயல்பாக வாழும் கிருமிகளே அதில் மிகுதி. தொண்டையில் எடுக்கும்போது, நாக்கை அழுத்திப் பிடித்து, இரு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் தேய்த்து எடுப்பார்கள்; நாக்கிலோ கன்னத்திலோ குச்சி படக்கூடாது. ஓரிரு நொடிகள் குமட்டும், வலிக்காது. குழந்தையிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் அழுகை குறையும். பெரியவர் மடியில் அமர்த்தி, நெற்றியையும் கைகளையும் மெல்லப் பிடித்துக்கொண்டால் போதும்.

மாதிரி எடுக்கும் நாளுக்கு முன் ஆன்டிபயாடிக் சொட்டோ மாத்திரையோ பயன்படுத்தியிருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் தாக்கத்தில் கிருமி தட்டில் வளராமல் போகலாம். நோய் உள்ளே இருக்க, 'கிருமி வளரவில்லை' என்று முடிவு வரும். அதனால்தான் மருந்துக்கு முன் மாதிரி என்று வற்புறுத்துகிறோம்.

காது: ஏன் பொறுத்திருக்க வேண்டும்?

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஊரகக் குழந்தைகளிடையே நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 6 குழந்தைகளுக்கு நாட்பட்ட நடுச்செவிச் சீழ்நோய் காணப்பட்டது. நூற்றுக்கு 4-ஐத் தாண்டினாலே அது உடனடிக் கவனம் தேவைப்படும் பெருஞ்சிக்கல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஒழுகும் காது கேட்கும் திறனைக் குறைக்கும். வகுப்பில் ஆசிரியர் சொல்வது பாதி விழும், பாதி விழாது. 'கவனமில்லாத பிள்ளை' என்ற பெயரோடு பின்வரிசையில் அமரும் குழந்தைகளுள் சிலருக்குக் கவனத்தில் குறையில்லை, காதில்தான் குறை என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

நாட்பட்டு ஒழுகும் காதில் அடிக்கடி காணப்படும் கிருமிகள் சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆகிய இரண்டும் ஆகும். சூடோமோனாஸ் ஈரத்தில் செழிப்பது. கோடையில் கிணற்றிலும் வாய்க்காலிலும் காவிரியிலும் நீந்திவிட்டு ஈரக்காதோடு திரியும் சிறுவர்களிடம் வெளிக்காதுப் புண்ணை உண்டாக்குவதும் பெரும்பாலும் இதுவே. மருந்துக் கடையில் காதுக்கென்று கேட்டவுடன் பலருக்கும் கிடைக்கும் மாத்திரை அமாக்சிசிலின். அம்மருந்துக்குச் சூடோமோனாஸ் இயல்பாகவே அடங்குவதில்லை. எத்தனை நாள் விழுங்கினாலும் அக்கிருமிக்கு ஒன்றும் நேராது. உடலில் உள்ள நல்ல கிருமிகள் மட்டுமே அழியும். இதை முன்னரே அறிந்துகொள்ள, மாதிரி எடுப்பதைத் தவிர வேறு நம்பகமான வழியில்லை.

கண்மூடித்தனமாக ஊற்றும் சொட்டு மருந்துக்கு வேறு தீங்குகளும் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது, ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை கலந்த சொட்டுகள் உட்செவிக்குள் இறங்கி, கேட்கும் நரம்பணுக்களையே கெடுக்கக்கூடும். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் சொட்டு விட்ட காதில் பூஞ்சை வளர்வதும் உண்டு. அரிப்பும் அடைப்பும் மிகும். நோய் முற்றிவிட்டதென்று எண்ணி மேலும் அதே சொட்டையே விடுவார்கள். பூஞ்சை மேலும் வளரும். ஒரு மாதிரி எடுத்தால், நிறுத்த வேண்டிய மருந்து எது என்று அதிலேயே தெரிந்துவிடும். காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, இலைச்சாறு ஆகியவற்றை ஊற்றுவதையும், கோழி இறகாலும் தீக்குச்சியாலும் காது குடைவதையும் கைவிடுமாறு இவ்விடத்தில் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

முதன்முறை ஒழுகும் காதுக்கெல்லாம் மாதிரி எடுக்க வேண்டியதில்லை, தகுந்த சொட்டு மருந்தே போதும் என்று மருத்துவர்கள் பலர் கருதுகின்றனர். அதில் நியாயம் உண்டு. நாங்களும் அவ்வாறே செய்கிறோம். செவிப்பறை ஓட்டையின்றி வலி மட்டும் உள்ள காதில் மாதிரி எடுக்கவே இயலாது. ஆனால், ஒரு மருந்து முழுமையாகப் பயன்படுத்தியும் நிற்காத ஒழுக்கு, நின்று சில வாரங்களில் திரும்பும் ஒழுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் ஒழுக்கு ஆகியவற்றுக்கு இரண்டாவது மருந்தையும் ஊகத்தில் எழுதுவது தவறு என்பதே எங்கள் உறுதியான கருத்து. மாதிரியின் முடிவுக்குக் காத்திருக்கும் நாள்களில் காதைச் சுத்தம் செய்து, நீர் புகாமல் உலர்வாக வைத்திருப்போம். அதுவும் சிகிச்சையின் முதன்மையான பகுதியே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறிதளவே வடிந்தாலும் துர்நாற்றம் வீசும் சீழ், கொலஸ்டியடோமா என்னும் தோல்வளர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம். அது காதின் எலும்பை அரித்துக்கொண்டே செல்லும். அறுவை சிகிச்சையன்றி எம்மருந்துக்கும் அடங்காது. ஆகவே, ஆய்வக முடிவு மருத்துவர் காதுக்குள் நோக்கிச் செய்யும் பரிசோதனைக்கு மாற்றாகாது.

தொண்டை: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

தொண்டைவலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது வைரஸ் என்று பெரும்பாலும் துணியலாம். வெந்நீரும் ஓய்வும் போதும்; மாதிரியும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். குழந்தைகளின் தொண்டைவலியில் நூற்றுக்கு 20 முதல் 30 வரையே 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் நேர்கின்றன. பெரியவர்களில் அதனினும் குறைவு. சில குழந்தைகளின் தொண்டையில் இக்கிருமி நோய் எதுவும் செய்யாமலே தங்கியிருப்பதும் உண்டு. சாதாரணச் சளிக்கெல்லாம் மாதிரி எடுத்தால், அத்தகைய குழந்தைக்கும் தேவையின்றி மருந்து கொடுக்க நேரிடும்.

மாதிரி தேவைப்படும் தொண்டை வேறு. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு, இருமல் இல்லாமல், திடீர்க் காய்ச்சலும் விழுங்க முடியாத வலியும், டான்சிலில் வெண்புள்ளிகளும், கழுத்தில் வலியுடன் கூடிய நெறிகட்டிகளும் இருந்தால், மாதிரி எடுப்பதே முறை. இதைக் கவனியாது விட்டால், சில வாரங்கள் கழித்து மூட்டுக்கு மூட்டு மாறும் வலியும் வீக்கமுமாக ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். மூட்டுவலி மறைந்துவிடும், இதய வால்வில் ஏற்படும் தழும்பு மறையாது. சிறுவயதில் வந்த தொண்டைப்புண்ணை அனைவரும் மறந்துவிட்ட பிறகு, கருவுற்ற மாதங்களில் முதன்முறையாக மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு வரும் இளம்பெண்களை இதயநோய் மருத்துவர்கள் அறிவார்கள்.

இங்கும் பொறுத்திருப்பதால் இழப்பு ஏதுமில்லை. தொண்டைவலி தொடங்கிய ஒன்பது நாள்களுக்குள் உரிய மருந்தைத் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும் என்பது மருத்துவ உலகில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட உண்மை. சோதனைக்கு இரண்டு நாள் ஆனாலும் மிச்சம் நாள்கள் இருக்கின்றன. இன்னொரு நற்செய்தியும் உண்டு. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து எண்பது ஆண்டுகள் ஆகியும், இக்கிருமி அம்மருந்துக்கு இன்றுவரை அடங்கியே வருகிறது. மூன்று நாள் மாத்திரையாகக் கடைகளில் எளிதில் கேட்டு வாங்கப்படும் அசித்ரோமைசினுக்கோ, இக்கிருமியின் சில வகைகள் அடங்குவதில்லை. விலை குறைந்த பழைய மருந்து போதுமாக இருக்க, விலை கூடிய, பலிக்குமா என்று ஐயுறத்தக்க மருந்தை நாடுவது ஏன்? பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் மாத்திரைகளைப் பத்து நாள்கள் தவறாமல் கொடுங்கள். மூன்றாம் நாள் குழந்தை ஓடியாடினாலும் நிறுத்தாதீர்கள்.

மூக்கு: அவசரம் வேண்டாம்

மூக்கிலிருந்து வரும் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்போர் உண்டு. நிறத்தைக் கொண்டு பாக்டீரியா என்று முடிவு செய்ய இயலாது. மூக்குத் துவாரத்தில் எடுக்கும் மாதிரியில் அங்கே எப்போதும் வாழும் கிருமிகளே வளரும். நலமாக உள்ளோரிலும் ஏறத்தாழ பத்துப் பேரில் மூவர் மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருக்கிறது. மருந்துக்கு அடங்காத சைனஸ் நோயில், எண்டோஸ்கோப் கருவியால் உள்ளே பார்த்து, சீழ் வடியும் வாயிலிலேயே எடுக்கும் மாதிரிதான் பயன்தரும். அதை மருத்துவரின் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

சிறு குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வடிந்தால், புளியங்கொட்டையோ நிலக்கடலையோ மணியோ உள்ளே சிக்கியிருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் போதும். மாதிரிக்கோ மருந்துக்கோ பெரும்பாலும் வேலை இராது.

பொறுத்திருக்கக் கூடாதவர்கள்

பொறுத்திருங்கள் என்று இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது. காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து காது முன்தள்ளுதல், முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைசுற்றலுடன் வாந்தி, கடுந்தலைவலி, கழுத்து விறைத்தல், குழந்தை மயங்கிக் கிடத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த நேரமே மருத்துவமனைக்கு வர வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு, இரவில் உறங்கவிடாத காதுவலி வந்தால் அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. காதில் தொடங்கி மண்டையோட்டின் அடிஎலும்பு வரை பரவும் சூடோமோனாஸ் தொற்றாக அது இருக்கலாம். இத்தகையோருக்கு மாதிரியை எடுத்த கையோடு மருந்தையும் தொடங்கிவிடுவோம். முடிவு வந்ததும் மருந்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம்.

தொண்டையில் சாம்பல் நிறப் படலம், கழுத்து வீக்கம், மூச்சுவிடச் சிரமம் ஆகியவை தொண்டை அடைப்பானின் அறிகுறிகள். தடுப்பூசியால் பெரிதும் குறைந்தாலும் நாட்டை விட்டு முற்றிலும் நீங்காத நோய் அது. இதில் மாதிரி எடுப்பது நோயை உறுதிசெய்யவும் சுற்றியிருப்போரைக் காக்கவும் உதவும். நச்சுமுறி மருந்தை அதன் முடிவுக்குக் காத்திராமல் உடனே கொடுத்தாக வேண்டும். 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளிகளில் போடப்படும் டிடி தடுப்பூசி இதற்கான காப்பையும் உள்ளடக்கியது. அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

கூலியும் அலைச்சலும்

இவ்வளவும் சொன்ன பிறகு, நோயாளிகள் எங்களிடம் எழுப்பும் மறுப்பையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுபவருக்கு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நாளும் கூலியிழப்பு. மாதிரி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், மருத்துவரைக் காண மற்றொரு நாள் என்றால், அவர் கடைச் சொட்டையே நாடுவார். லாரியில் வடநாடு செல்லும் நாமக்கல் ஓட்டுநரும், ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளியூரில் தங்கும் திருச்செங்கோட்டுத் தொழிலாளியும் இரண்டாம் முறை வருவதே அரிது. அவர்களைப் பார்த்துப் 'பொறுப்பில்லை' என்று சொல்வது எளிது, சரியன்று.

ஆகவே, பொறுத்திருக்குமாறு நோயாளியிடம் கேட்கும் மருத்துவமனைகளுக்கும் கடமைகள் உண்டு. மருத்துவரைக் காணும் அதே நாளில், அதே அறையில் மாதிரி எடுக்க வேண்டும். முடிவைத் தொலைபேசியில் தெரிவித்து, மருந்துச் சீட்டை நோயாளிக்கு அருகிலுள்ள இடத்தில் பெற வழி செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள முடிவைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் இன்று இவ்வட்டாரத்தில் உள்ளது. மருத்துவக் கல்லூரி என்றால் அங்கே நுண்ணுயிரியல் துறையும் இருக்கும். பள்ளிகளுக்கு வரும் சிறார் நலக் குழுவினர் காது ஒழுகும் குழந்தையைக் கண்டறிந்து அனுப்பும் ஏற்பாடும் 2013 முதல் நாட்டில் உள்ளது. வசதிகள் இருக்கின்றன, அவற்றை ஏழைத் தொழிலாளியின் ஒருநாள் வருகைக்குள் அடக்கித் தருவதுதான் இனி ஆக வேண்டியது என்பது எங்கள் கருத்து.

மருந்துக் கடைகளுக்கும் பங்கு உண்டு. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்-1 பட்டியல் விதியின்படி, அதில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையின் முதுகில் செந்நிறக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதை வாங்கக் கூடாது என்று பொருள். கடைக்காரர் கொடுக்க மறுத்தால் அவர்மீது சினம் கொள்ளாதீர்கள். அவர் உங்களுக்கு நன்மையே செய்கிறார்.

முடிவு கைக்கு வந்தபின்

முடிவுத் தாளில் கிருமியின் பெயரும், கீழே மருந்துகளின் வரிசையும், எதிரே எஸ், ஐ, ஆர் என்னும் எழுத்துகளும் இருக்கும். எஸ் என்றால் அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ என்றால் இடைநிலை. அத்தாளைக் கடையில் நீட்டி 'எஸ்' போட்ட மருந்தை நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். தட்டில் வளர்ந்த கிருமி எல்லாமே நோய்க்குக் காரணமாக இராது. சொட்டு மருந்து காதில் மிகுந்த செறிவோடு சேர்வதால், 'ஆர்' என்று காட்டிய மருந்தும் சில நேரம் பலிப்பதுண்டு. குழந்தையின் எடை, சிறுநீரக நிலை, ஒவ்வாமை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றையும் கருத்தில் கொண்டே மருத்துவர் தேர்ந்தெடுப்பார். மாதிரி எடுத்த இடம், நாள், அப்போது பயன்படுத்திய மருந்து ஆகியன தாளில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவரைக் காண நேர்ந்தாலும், அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விக்கு விடை அதில் இருக்கும்.

காது ஒழுகும் பிள்ளையை அழைத்துக்கொண்டு அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், "இதற்கு மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டுமா, ஐயா?" என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்று மருத்துவர் சொன்னால் ஏன் என்றும் கேளுங்கள். தக்க காரணம் சொல்வார். 'வேண்டும்' என்றால் இரண்டு நாள் பொறுத்திருங்கள். பல ஆண்டுகளாக ஒழுகிய காதுக்கு அந்த இரண்டு நாள் மிகுதியான காலம் அன்று.